உருப்படமும் ஊழ்வினையும்

தலையோட்டினுள்ளே தோன்றிய கட்டியை அத்தலையைத் திறவாமலே படமாக்கிக் காணவும், கண்டதுகொண்டு நோயாளி இனி எத்துணைத் திங்கள் உயிரோடிருப்பார் என்று மதித்துரைக்கவும் இக்கால மருத்துவம் முற்பட்டுள்ளது. இம்மதிப்பு மெய்யாயின், இறைவன் ஒருவனே அறிவான் என்று நாம் கொண்டிருந்த ஆயுளளவு மாந்தர் அறிவிற்கும் எட்டியதாகுமோ? வினைப்பயன் தவறாதென்னும் நாம் அப்படத்தினை வினையின் ஏடென்றே கொள்ளலாமோ? கொண்டவழி, அதிற் கண்டதை நோயாளிக்கு உரைத்தல் அறமோ, மறைத்தல் அறமோ? இம்மூன்று வினாக்களையும் சித்தாந்த நெறிநின்று ஆராய்தல் ஈண்டு நமது நோக்கமாகும்.

இவை தொலைவிலுள்ள பெருநகரங்களுக்கே உரிய வினாக்கள் என்று ஒதுக்கற்பாலன அல்ல. பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு பகுதிகளை எடுத்துக்கொள்வோம். முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்த இவற்றுள், பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டிற் பிரிந்தது. அரியலூர் 2007-ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாய் நிலைபெற்றது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நிலங்கள் ஒருபால். சுண்ணாம்புக்கல் அகழும் சுரங்கங்களும் முந்திரித் தோப்புக்களும் மற்றொருபால். இங்குள்ளார் தீராத் தலைவலியும் வலிப்பும் வந்துற்றால், முன்பெல்லாம் திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சைக்கோ சென்னைக்கோ செல்லவேண்டியிருந்தது. இப்பொழுதோ சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. அரியலூரில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் திறக்கப்பெற்றது. 'ஸ்கேன்' என்னுஞ் சொல்லை அறியாத சிற்றூர் இன்று இல்லை.

ஸ்கேன் முடிவு வந்தபின் குடும்பங்களில் நிகழ்வதனையும் யாவரும் அறிவர். மருத்துவர் நோயாளியை வெளியே இருத்தி மூத்த மகனையோ மைத்துனனையோ உள்ளே அழைத்துச் சொல்லுவார். கேட்டவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஒன்றுமில்லை, சிறிய நீர்க்கட்டிதான், மாத்திரையிற் கரைந்துவிடும்" என்பான். அன்றிரவே நிலப்பத்திரம் அடகுக்குப் போகும். அல்லது, "இவ்வளவுதான் விதி" என்று சொல்லி மருத்துவமே நிறுத்தப்படும். எது நிகழினும், நோயுற்றவர் ஒருவரே தமது நோயைப்பற்றி ஒன்றும் அறியாதவராய் இருப்பர். ஒரு படத்தின்மேல் எழுந்த மதிப்பு நிலத்தையும் உயிரையும் உண்மையையும் இங்ஙனம் அசைப்பதாகலின், அம்மதிப்பு எத்தகைய அறிவென்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும்.

உடம்பை ஊடுருவும் கதிரினை 1895-ஆம் ஆண்டிற் செர்மானிய நாட்டு ராண்ட்கென் என்பார் கண்டறிந்தார். அக்கதிரால் எலும்பு விளங்குமேயன்றி, எலும்புப் பேழையினுட் பொதிந்த மூளை விளங்காது. 1918-இல் டாண்டி என்னும் அமெரிக்க மருத்துவர் மூளையின் உள்ளறைகளிற் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அது நோயாளிக்குப் பெருந்துன்பம் விளைப்பது. வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களும், சென்னையில் 1950-இல் டாக்டர் பி. இராமமூர்த்தி அவர்களும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய நாளில் இத்தகைய முறைகளே துணையாய் நின்றன. 1971-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், இலண்டனைச் சார்ந்த விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்பார் அமைத்த சி.டி. பொறி ஒரு பெண்மணியின் தலையை முதன்முதற் படமெடுத்தது. முன்மூளையிற் கட்டியிருத்தல் கூடுமென்று மருத்துவர் ஐயுற்ற இடத்தில் நோய் தெளிவாகத் தோன்றிற்று. பின்னர்க் காந்த ஆற்றலாற் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறை வந்தது, அதற்கு வழிகண்ட லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு என்னும் இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே, மூளைக்கட்டியைக் காணும் வேட்கையே இப்படக்கலை வளர்தற்கு ஒரு பெருங்காரணமாய் இருந்ததென்க.

படத்தில் மருத்துவர் நோக்குவன யாவை? கட்டியின் பருமை, அஃதுள்ள இடம், நடுக்கோட்டைக் கடந்து மற்றைப் பாதிமூளையிற் புகுந்துள்ளதோ என்பது, நடுவே திசு மாய்ந்து கிடத்தல், சுற்றிலும் நீர்கோத்த வீக்கம், குருதியிற் செலுத்திய மருந்தை ஏற்று ஒளிரும் விளிம்பு என்பன. இக்காலத்தில் கணிப்பொறியானது கண்ணாற் காணவியலாத நுண்வேறுபாடுகளையும் எண்களாக்கி, முன்னர் இறந்தாரும் பிழைத்தாருமாகிய பலர் படங்களோடு ஒப்பிட்டு, இன்னார்க்கு இத்துணைக் காலம் என்று கணிக்கப் பழக்கப்படுகின்றது.

இது முற்றும் புதுமையெனக் கருதற்க. நம் சித்தமருத்துவர் நோயாளியின் சிறுநீரில் ஒருதுளி நல்லெண்ணெயை விட்டு, அத்துளி பாம்புபோல் நீளுமாயின் வாதம் என்றும், ஆழிபோல் வட்டமாயிற் பித்தம் என்றும், முத்துப்போல் நிற்குமாயின் கபம் என்றும் குறித்து, தீரும் நோய் இது, தீராநோய் இது என்றும் வகுத்தனர். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி நூல் இதனை விரிக்கும். நெய்க்குறியும் ஓர் உருப்படமே. அதுகொண்டு மேல்வருவது உரைத்தலும் குறியே. அத்தேரையர்பற்றிய கதை ஈண்டுக் கருதத்தக்கது. அரசன் ஒருவனது தீராத் தலைநோய்க்கு அகத்தியனார் கபாலத்தைத் திறந்தபோது மூளையின்மேல் ஒரு தேரை பற்றியிருந்ததாம். அதனைக் கருவியாற் பறிப்பின் மூளை கெடும். மாணாக்கர் ஒரு கலத்தில் நீரைக் கொணர்ந்து அலைத்து ஒலியெழுப்ப, தேரை அந்நீரிற் குதித்தது. அதுபற்றியே அவர் தேரையர் எனப்பட்டார் என்ப. மூளையினுட் கண்ட மாணாக்கர், அரசன் இனி எத்துணை நாள் இருப்பான் என்று எண்ணத் தொடங்கினாரல்லர். கண்டது எதுவோ அதற்கு ஏற்ற செயலையே நாடினார்.

இனி, இவ்வறிவை அளவைநூல் முறையால் நோக்குவோம். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் தலையாய அளவைகள் என்பதும், காட்சியுள் ஐயமும் திரிபும் விலக்கப்படுமென்பதும் அருணந்தி சிவாசாரியர் சித்தியாருட் கூறியவாற்றான் அறிஞர் நன்கறிவர். மருத்துவர் காண்பது கட்டியையன்று. கட்டியால் விளைந்த ஒளிநிழல் வேறுபாட்டையே. படம் காண்டற்குரியது, கட்டி கருதற்குரியது, நாளெல்லையோ கருதலின்மேற் செய்த மற்றொரு கருதல். இம்மூன்றையும் ஒன்றாக மயங்கி, "படத்திலேயே தெரிந்துவிட்டது, ஆறு திங்கள்தான்" என்று கூறுதல், காணாததைக் கண்டதென்று கூறுதலாய் முடியும்.

காட்சி திரிதற்குச் சான்றொன்று காட்டுவாம். மூளைக்கட்டிக்குக் கதிர்மருத்துவமும் மருந்தும் முடிந்த முதன் மூன்று திங்களுள் எடுத்த படத்தில், சிலர்க்குக் கட்டி வளர்ந்ததுபோல ஒளிவிளிம்பு பெருகித் தோன்றும். அஃது உண்மையில் வளர்ச்சியன்று. மருத்துவத்தால் திசு புண்பட்டுக் காட்டும் தோற்றம். சில திங்கள் கழித்து எடுத்த படத்தில் அது தானே குறையும். முதற்படத்தையே நம்பி, "மருந்து பயன்படவில்லை" என்று நிறுத்துவோர், பயன்தந்து கொண்டிருந்த மருந்தையே நிறுத்தியவராவர். இதுபற்றியே, கதிர்மருத்துவம் முடிந்து பன்னிரண்டு கிழமைக்குள் வளர்ச்சியென்று துணிதற்குத் தக்க சான்று வேறு வேண்டுமென 2010-ஆம் ஆண்டில் அத்துறை வல்லுநர் விதி வகுத்தனர். கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சியவன் அடிக்கத் தொடங்குமுன் விளக்கினைக் கொணர்க என்பது போலும் அவ்விதி.

அங்ஙனமாயின், படங்கொண்டு கருதுதல் யாண்டும் வழுவுடைத்தோ எனின், அன்று. ஏது வலிதாயின் கருதலும் வலிதாம். ஒருவகைப் படத்தில் முழுதும் வெண்மையாகத் தோன்றும் கட்டி, மற்றொருவகைப் படத்தில் விளிம்பு மட்டும் வெண்மையாய் உள்ளிடம் கருத்துத் தோன்றுமாயின், அஃது ஐ.டி.எச். என்னும் மரபணு மாறிய ஆஸ்ட்ரோசைட்டோமா என்னும் வகையினதென்று பெரிதும் துணியலாம்; அவ்வகையினர் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய வகையினரினும் நெடுநாள் வாழ்வர். ஆயினும் அக்குறி இல்லையாயின் அவ்வகை இல்லையென்று துணிதல் கூடாது. புகையுள்ள இடத்து நெருப்புண்டு. புகையில்லாத இடத்து நெருப்பில்லை என்றல் பொருந்துமோ? பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையிற் புகையேது? குறியின் உண்மை ஒன்றனை நாட்டும். குறியின் இன்மை அதனை மறுக்கமாட்டாது. ஆகவேதான் மருத்துவர் இயன்றவிடத்துத் திசுவை எடுத்து ஆராய்ந்தே கட்டியின் வகையைத் துணிவர். உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மூளைக்கட்டிப் பாகுபாடும் திசுவோடு மரபணுக்குறியையும் இன்றியமையாததாகக் கொண்டது.

இத்துணையும் இப்பொழுதுள்ளதனைப் பற்றிய கருதல். இனி வருவதனைப் பற்றிய கருதலோ வேறு. மணிமேகலையில் அளவைவாதி கூற்றாகக் கருதலளவை பொது, எச்சம், முதல் என மூன்றாக வகுக்கப்படுகின்றது. ஆற்றில் வெள்ளங்கண்டு மேற்றிசையில் மழை பெய்ததென்று அறிதல் எச்சம். கருமுகில் கண்டு மழை பெய்யுமென்று கருதுதல் முதல். இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமையை அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியார்க்கு அவர் நிலமே விளக்கும். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளிற் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கல்லாய்க் கிடக்கின்றன. பெரம்பலூரைச் சார்ந்த சாத்தனூரில் கல்லாகிய பெருமரம் ஒன்று கிடக்கின்றது. அதனை 1940-இல் நிலநூல் வல்லார் எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் கண்டு வெளிப்படுத்தினார். இவற்றைக் கண்டோர், இன்று கடற்கரைக்கு நெடுந்தொலைவிலுள்ள இந்நிலத்தில் ஒருகாலத்துக் கடல் பரந்திருந்ததென்று துணிகின்றனர். அத்துணிபு அசையாது, காரியம் முடிந்து கல்லாகிவிட்டது, அதற்கு வேறு காரணம் இடையிற் புகுதற்கு வழியில்லை. கருமுகிலோ அவ்வாறன்று. காற்று அதனைக் கலைத்தல் கூடும். படத்திற் கண்ட கட்டி கருமுகிலை ஒக்கும். கல்லாகிய மரத்தை ஒவ்வாது.

காற்றாகி வந்து கலைப்பன யாவையெனின், தருக்க நூலார் உபாதி என்று கூறுவனவே. நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டெனின் அது வழு, ஈரவிறகு கூடியவழியே புகையுண்டாம், ஈரவிறகு உபாதி. அங்ஙனமே, இப்படமுள்ளார் இத்துணைத் திங்களே இருப்பர் என்றவழி, நோயாளியின் வயது, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றல், அறுவையில் எவ்வளவு கட்டி அகற்றப்பட்டது, கட்டியின் மரபணு மருந்திற்கு இணங்குவதோ அன்றோ, மருத்துவம் இடைமுறியாமல் நடந்ததோ என்பனவெல்லாம் உபாதியாய் நிற்கின்றன. இவற்றுட் பல, படத்தில் இல்லாதவை.

எண்கொண்டு கூறுவாம். கிளியோபிளாஸ்டோமா உற்ற 573 பேரைக்கொண்டு ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஆராய்ச்சியின் முடிபு 2005-இல் வெளிவந்தது. கதிர்மருத்துவம் மட்டும் பெற்றாரது நடுவெல்லை 12.1 திங்கள்; அதனோடு டெமோசோலோமைடு என்னும் மருந்தும் பெற்றாரது நடுவெல்லை 14.6 திங்கள். நடுவெல்லையாவது, அனைவரையும் இறந்த முறையே நிரல்படுத்தினால் நடுவில் நிற்பார் வாழ்ந்த காலம். இரண்டாண்டு கடந்தும் இருந்தார், முதற்பகுதியாருள் நூற்றுக்கு 10.4, இரண்டாம் பகுதியாருள் 26.5. ஐந்தாண்டு கடந்தாரும் முறையே 1.9, 9.8 என 2009-இல் கணக்கிடப்பட்டது. ஆகவே, "பதினான்கு திங்கள்" என்று கேட்ட நோயாளி தமக்குப் பதினான்காந் திங்களில் முடிவு நாள் குறிக்கப்பட்டதென்று எண்ணுதற்கு இடமே இல்லை. பாதிப்பேர் அதற்கு முன்னும், பாதிப்பேர் அதற்குப் பின்னும் செல்வர். தாம் எப்பாதியர் என்பது அவ்வெண்ணில் இல்லை.

கல்லான ஓடுகளை ஆராய்ந்து புகழ்பெற்ற அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டு என்பார்க்கு 1982-இல் வயிற்றில் ஓர் அரிய புற்றுநோய் கண்டது. அந்நோயின் நடுவெல்லை எட்டுத் திங்கள் என்று நூல்கள் கூறின. அவர் அஞ்சி ஒடுங்காமல், நடுவெல்லைக்கு அப்பாற் செல்வோரது வரிசை நெடிதாய் நீளுமென்பதனையும், தமது வயதும் நோய் கண்ட நிலையும் அவ்வரிசையிற் சேர்தற்கு ஏற்றனவாதலையும் கணக்கறிவால் உணர்ந்து, 1985-இல் அதுபற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். பின்னும் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எட்டுத் திங்கள் என்னும் எண் பொய்யன்று. அவரைப்பற்றி அவ்வெண் ஒன்றும் கூறவில்லை என்பதே உண்மை.

கணிப்பொறியின் கணிப்பாவது ஒருவரை நோக்கிக் கூறுமோ எனின், அதன் அளவையும் காண்போம். மூளைக்கட்டிப் படங்களைக் கணிப்பொறியால் ஆராயும் பன்னாட்டுப் போட்டி 2012 முதல் நடைபெற்று வருகின்றது. 2017 முதற் சில ஆண்டு அதில் ஆயுள் கணிப்பும் ஒரு பகுதியாயிருந்தது. பத்துத் திங்களிற் குறைந்தார், பத்து முதற் பதினைந்து வரை வாழ்ந்தார், பதினைந்திற் கடந்தார் என மூன்றே கூறாக வகுத்துக் கேட்டவிடத்தும், முதன்மை பெற்ற முறைகள் பத்துப்பேருள் ஏறத்தாழ அறுவரையே சரியாக வகுத்தன. பொறிக்குப் பழக்கமாய் நின்ற படங்களும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகளில் எடுக்கப்பெற்றவை. சபக்கம் அங்கிருக்க, பக்கம் அரியலூரில் இருப்பின், எடுத்துக்காட்டு வலிகுன்றும் என்பதனைத் தருக்கம் பயின்றார் மறவார். இக்கருவி நாளுக்குநாள் திருந்தும், திருந்துதல் நன்றே. அறுவைக்கு எவ்விடத்தில் வழி, எவர்க்கு எம்மருத்துவம் தக்கது, எப்பொழுது மீளப் படமெடுப்பது என்று துணிதற்கு அது பெரிதும் உதவும். ஒருவனது இறுதிநாளைக் குறித்தற்கு அஃது இன்று போதிய அளவையன்று.

அற்றேல், நோயும் இறப்பும் உள்ளிட்ட ஆறும் உயிர் கருவுட் புகும்பொழுதே வகுக்கப்பட்டன என்று சித்தியார் கூறுமாகலின், நாளெல்லை உண்டென்பது நமக்கு உடன்பாடன்றோ. அவ்வெல்லையைப் படம் ஒருவாற்றாற் காட்டுமென்றால் இழுக்கென்னை எனின், கூறுதும். எல்லை உண்டென்பது வேறு. அதனை நாம் அறிதும் என்பது வேறு. பிராரத்தம் இன்னதென்று அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே. சடமாகிய வினையும் தன்னை அறியாது, சிற்றறிவினதாகிய உயிரும் அதனை முழுதும் அறியாது. கட்டி வினைப்பயன் வந்து பொருந்தும் வாயிலாகலாம். வாயிலைக் கண்டமட்டில் வருவாரை எண்ணியதாகாது.

இனி, "வினை ஊட்டும்வழி மருந்தால் ஆவதென்?" என்று மருத்துவத்தைக் கைவிடுவாரையும் நோக்குதல் வேண்டும். நோய் வருதல் வினையாயின், மருந்து கிட்டுதலும், வல்ல மருத்துவனைச் சேர்தலும், அம்மருந்து பலித்தலும் வினையின் வழியனவே. ஒன்றனை மட்டும் வினையென்று கூறி மற்றவற்றை ஒதுக்குதல், ஏட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்தலை ஒக்கும். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பனிநோய் பற்றியபோது ஆளுடைய பிள்ளையார், இஃது இந்நிலத்து இயல்பென்றோ வினையென்றோ வாளா இருந்தாரில்லை. திருநீலகண்டப் பதிகம் அருளினார். வினையென்று சொல்லிச் செயலற்றிருப்பாரை அப்பதிகம் இடித்துரைத்தலையும் காண்க. அரியலூரை அடுத்த திருமழபாடியில் இறைவன் வைத்தியநாதர் என்னுந் திருப்பெயர் தாங்கி எழுந்தருளியிருக்க, மருந்தை மறுத்தலைச் சைவம் என்று கூறுவது எவ்வாறு?

மருத்துவத்தைக் கைவிடுதல் ஒருபாற் குற்றமாயின், அளவிறந்த நம்பிக்கையூட்டுதலும் மற்றொருபாற் குற்றமே. சின்ன வெங்காயம் பயிரிட்டுப் பிழைக்கும் ஒருவன் தனக்குள்ள ஓரேக்கரை விற்று நெடுந்தொலைவு சென்று செய்விக்கும் மருத்துவம், சில கிழமையே கூட்டித் தரும் இயல்பினதாயின், அதனை அவனுக்கு முன்னரே விளங்கவுரைத்தல் மருத்துவன் கடன். நிலம் போனபின் அவன் பிள்ளைகள் வாழ்தல் யாங்ஙனம் என்பதும் அவ்வுண்மையிற் கலந்துள்ளது. ஆகவே படத்தின் மதிப்பை மிகுத்துரைத்தலும் கூடாது, குறைத்துரைத்தலும் கூடாது. "நன்கு நடப்பின் இவ்வளவு, பெரும்பாலோர்க்கு இவ்வளவு, தீதாய் முடியின் இவ்வளவு, நும்மவர் எவ்வகையினரென்று இன்று கூறவியலாது" என்று மூன்றாக உரைப்பது உண்மைக்கும் இரக்கத்திற்கும் ஒருங்கே பொருந்தும்.

இவ்வுண்மையை யாரிடம் உரைப்பது என்பதே எஞ்சிய வினா. உறவினர் மறைத்தல் அன்பினால் என்பதில் ஐயமில்லை. தீமையில்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவனார் வகுத்ததனை எடுத்துக்காட்டி, மறைத்தலே வாய்மை என்பாரும் உளர். மறைத்தலால் தீமையில்லையாயின் அவர் கூற்று நிற்கும். மூளைக்கட்டியிலோ தீமை உண்டென்பதனை ஆராய்ந்து காண்க. ஏனைய நோய்களில் உடம்பு தளரினும் உணர்வு பெரும்பாலும் இறுதிவரை நிற்கும். இந்நோயில் உயிர் நீங்குதற்கு முன்னரே பேச்சும் நினைவும் துணிவும் மங்குதல் உண்டு. மூளை அறிவன்று, அறிவு உயிர்க்குரியது, உடற்கருவிகள் அவ்வறிவு விளங்குதற்கு விளக்காய் நிற்பன என்பது நம் கொள்கை. அவ்விளக்கே இங்கு முதலில் மங்குகின்றது. "பிறகு சொல்லலாம்" என்று நாள் கடத்துவோர், கேட்பார் கேட்கும் நிலையில் இல்லாதபொழுது சொல்ல வருவர்.

கடன் தீர்த்தல், பத்திரம் எழுதுதல், பிரிந்த தம்பியோடு பேசுதல், கொள்ளாதிருந்த தீக்கை கொள்ளுதல், அறுவை வேண்டுமோ வேண்டாவோ என்று தாமே துணிதல், இன்ன இடத்தில் எம்மைக் கிடத்துக என்று கூறுதல் ஆகிய இவையெல்லாம் விளக்கு எரியும்பொழுது செய்யவேண்டுவன. அவற்றைச் செய்யவொட்டாமல் தடுத்தல், நல்லெண்ணத்தால் நிகழினும், ஓர் உயிரின் உரிமைப்பொருளைக் கவர்தலாம். கந்தபுராணம் கூறும் மிருகண்டு முனிவர் தம் மைந்தனது ஆயுள் பதினாறென்று அறிந்து உள்ளே குமைந்தார். மைந்தனே வருத்தத்தின் காரணம் வினவியபொழுது மறையாது உரைத்தார். உரைத்தமையாலன்றோ மார்க்கண்டேயர்க்குப் பூசனைக்குக் காலம் வாய்த்தது? அவர் காலனைக் கடந்தது இறைவன் திருவருள். அதனை எல்லார்க்கும் எடுத்துக்காட்டாக்கி ஆசை காட்டுதல் நம் கருத்தன்று. எஞ்சிய காலம் அவருடையதென்று தந்தையார் அவரிடமே ஒப்படைத்ததனையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

எனினும், வினவாதாரை வலிந்து பிடித்து எண்ணைச் செவியில் அறைதலும் அறமாகாது. "நும் நோயைப்பற்றி எவ்வளவு அறிய விரும்புகின்றீர்?" என்று நோயாளியையே முதலிற் கேட்டல் தகும். "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டா" என்பாராயின் அதுவும் அவர் துணிபே. கேளாமலே அவர்க்காக நாம் துணிதல்தான் தகாதது. மேலும், முன்மூளையிற் கட்டியுற்றார் சிலர் இயல்பு திரிந்து காரணமின்றிச் சினப்பர். சிலர் நாணமின்றி நடப்பர். வீட்டார் இதனை அறியாராயின், "இத்தனை நாள் மறைத்த குணம் இப்பொழுது வெளிப்பட்டது" என்று மனம் முறிவர். படம் இவ்விடத்தும் உதவும்: சினந்தது கருவியின் பழுதென்று காட்டி, உயிரின்மேற் பழிவாராமற் காக்கும்.

மடாலயங்களைச் சார்ந்த பெரியோர்க்கு ஒன்று விண்ணப்பம். நோயாளியின் வீட்டிற்கு நாம் அழைக்கப்படுவது பெரும்பாலும் எல்லாம் முடிந்தபின்னரே. படம் எடுத்த கிழமையிலேயே செல்லும் வழக்கம் ஏற்படுதல் நலம். சென்றவர் விதியை விரித்துப் பேசவேண்டுவதில்லை. திங்களை எண்ணவும் வேண்டுவதில்லை. நோயாளி கேட்க விரும்புவதைக் கேட்கவும், சொல்ல விரும்புவதைச் சொல்லவும் அருகிருந்து, வேண்டின் ஒரு திருப்பதிகத்தை உடன் ஓதிவரின் அமையும். மருத்துவர் வகுத்துரைத்த மூன்று எல்லையுள் எதுவாயினும், அவர் நினைவு தெளிந்திருக்கும் நாள்கள் அவற்றினும் குறைவே. அந்நாள்களிலேயே நாம் செல்லவேண்டும்.